டிரினிடாட்டின் வடகிழக்குக் கரைக்கு மாக்சி ஏறிப் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரினிடாட் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு பிரையன் லாராவும் கார்னிவலும் நினைவுக்கு வரும். தீவின் வடகிழக்கு மூலையில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மீனவர் ஊர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. மட்டூரா, டோகோ, சான் சூசி, கிராண்ட் ரிவியேர், மாட்லாட் என்று வரிசையாக இருக்கும் அந்த ஊர்களுக்கு வாடகைக் கார் எடுக்காமல், அங்குள்ளவர்கள் போகிற வண்டியிலேயே போக நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். டொபேகோ தீவுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கரீபியனில் இத்தனை தீவுகள் இருக்க, ஏன் இந்த மூலை?

பார்படோஸ், செயின்ட் லூசியா மாதிரியான தீவுகளின் பிழைப்பு சுற்றுலா. டிரினிடாட்டின் பிழைப்பு எண்ணெயும் எரிவாயுவும். கடற்கரை முழுக்க ரிசார்ட் கட்டி விற்க வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை. டோகோ பக்கம் போனால் மீன் இறங்கும் கரை, தேவாலயம், ரம் கடை, கிரிக்கெட் மைதானம், மழைக்காடு. அவ்வளவுதான். தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும், ஆனால் உங்களை மகிழ்விக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். எனக்கு அது பிடிக்கும். நீச்சல் குளமும் மாலை நேரப் பாட்டுக் கச்சேரியும் வேண்டுமென்றால் வேறு தீவு பாருங்கள்.

இன்னொரு காரணம், பயணிகள் வண்டி. பல தீவுகளில் வெளிநாட்டுக்காரர் என்றால் டாக்சிதான், அதுவும் டாலரில். டிரினிடாட்டில் பெரும்பாலான ஊர்களுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வண்டிகள் உண்டு. வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் ஜனங்கள் அதில்தான் போகிறார்கள்.

மாக்சி என்றால் என்ன? பட்டையின் நிறம் பார்த்து ஏறச் சொல்கிறார்களே?

மாக்சி டாக்சி என்பது தனியார் நடத்தும் வேன் அல்லது சிறிய பேருந்து. நம் ஊர் ஷேர் ஆட்டோவுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் வைக்கலாம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனும் உண்டு, இருபத்தைந்து பேர் உட்காரும் பெரிய வண்டியும் உண்டு. எல்லாம் வெள்ளை நிறம், பக்கவாட்டில் நீளமாக ஒரு வண்ணப் பட்டை. அந்தப் பட்டைதான் வண்டி எந்தப் பகுதிக்குரியது என்று சொல்லும்.

மஞ்சள் என்றால் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினும் அதன் மேற்குப் புறமும். சிவப்பு என்றால் கிழக்கு. பச்சை, தலைநகரிலிருந்து சகுவானாஸ், சான் பெர்னாண்டோ. கறுப்பும் பழுப்பும் தெற்கே ஓடுபவை. நீலம் டொபேகோவுக்கு. நமக்கு வேண்டியது சிவப்பு.

சிவப்புப் பட்டை வண்டிகளுக்கு ஒரு சலுகை உண்டு. 1968-ல் டிரினிடாட்டில் ரயில் நின்றுபோனது. தலைநகரிலிருந்து அரிமா போகும் பழைய தண்டவாளப் பாதையைப் பிற்பாடு சாலையாக்கி, பேருந்துக்கும் மாக்சிக்கும் ஒதுக்கிவிட்டார்கள். தனியார் கார்கள் அனுமதி இல்லாமல் அதில் நுழைய முடியாது. பக்கத்துச் சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும்போது மாக்சி பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கும். தலைநகரின் முக்கிய வண்டி நிலையமான சிட்டி கேட்கூட அந்தக் காலத்து ரயில் நிலையக் கட்டடம்தான்.

கார் போல இருக்கிற டாக்சிகள் எவை? எதில் ஏறலாம், எதில் கூடாது?

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். 'எச்' என்று தொடங்கினால் வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டி. 'பி' என்று தொடங்கினால் தனியார் கார். எச் கார்களில் பல, குறிப்பிட்ட வழித்தடத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஓடும். மேலே 'டாக்சி' என்ற பலகையோ மீட்டரோ இருக்காது, பிளேட் ஒன்றுதான் அடையாளம்.

பி பிளேட்டோடு ஆள் ஏற்றும் கார்களும் நிறைய. 'பி.எச்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். சட்டப்படி தவறு, ஆனாலும் ஜனங்கள் ஏறுகிறார்கள், ஏனென்றால் சில ஊர்களுக்கு சில நேரங்களில் அதுதான் கிடைக்கும். நகரத்தில் நீங்கள் ஏறாதீர்கள். கிராமத்தில், தங்கியிருக்கும் வீட்டுக்காரர் 'இவர் நம்மவர்' என்று கைகாட்டினால் அது வேறு கதை.

விமான நிலையத்திலிருந்து நேராக டோகோ பக்கம் போக முடியுமா?

முடியும், தலைநகருக்குள் போகவே வேண்டாம். பியார்கோ விமான நிலையம் தலைநகருக்குக் கிழக்கே இருக்கிறது, நாம் போக வேண்டியதும் கிழக்கேதான். பலர் இதைக் கவனிக்காமல் முதலில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் போய் நெரிசலில் மாட்டிக்கொண்டு மறுநாள் அதே வழியில் திரும்பி வருகிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து அரிமா வரை டாக்சி எடுங்கள். அரிமாவில் சிவப்புப் பட்டை மாக்சி ஏறி சாங்ரே கிராண்டே. வண்டிக்கு ஆள் கூப்பிடுபவர்கள் முழுப் பெயரையும் சொல்ல மாட்டார்கள், 'கிராண்டி, கிராண்டி' என்றுதான் காதில் விழும். அந்த ஊரில் இறங்கி, டோகோ வண்டி நிற்கும் இடத்தை விசாரியுங்கள். மட்டூராவுக்கு ஒன்று, டோகோவுக்கு ஒன்று, கிராண்ட் ரிவியேர் வழியாக மாட்லாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக நிற்கும். சாங்ரே கிராண்டேயிலிருந்து கிராண்ட் ரிவியேருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வழி முழுக்க வளைவு. குமட்டல் வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள்.

அரசுப் பேருந்தும் உண்டு. கட்டணம் குறைவு, வண்டியும் குறைவு. நிலையத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

விமானம் மதியத்துக்குப் பிறகு இறங்கினால் அன்றே டோகோ போக நினைக்காதீர்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது. அரிமாவிலோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலோ ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பின்மதியம் ஊர்க்காரர்களோடு போங்கள். ஏன் பின்மதியம் என்பது அடுத்த கேள்வியில்.

வண்டிகளுக்கு நேர அட்டவணை உண்டா?

மாக்சிக்கும் டாக்சிக்கும் எழுதிவைத்த அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். ஆனால் ஒழுங்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஊரின் அன்றாட வாழ்க்கை எப்படியோ, வண்டியும் அப்படி.

டோகோ, மாட்லாட் பக்கத்து ஓட்டுநர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள். ராத்திரி வண்டி அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும். விடியும் முன்னே வேலைக்குப் போகிறவர்களையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு சாங்ரே கிராண்டே வருவார்கள். அங்கிருந்து சந்தைக்கு வந்தவர்களையும், மதியத்துக்கு மேல் பள்ளி, அலுவலகம் விட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். காலையில் ஊரிலிருந்து நகரத்துக்கு, பின்மதியத்தில் நகரத்திலிருந்து ஊருக்கு. இதுதான் ஓட்டம்.

சுற்றுலாக்காரர்களின் போக்கு இதற்கு நேர் எதிர். காலையில் நகரத்திலிருந்து கடற்கரைக்குப் போய், மாலையில் திரும்ப நினைப்போம். போகும்போது காத்திருக்க வேண்டியிருக்கும், திரும்பும்போது வண்டியே இருக்காது. மாலை நாலு மணிக்கு கிராண்ட் ரிவியேரிலிருந்து நகரத்துக்குப் போக யாருக்கு அவசியம்? அதனால் இந்தக் கரைக்கு 'காலையில் போய் மாலையில் வருவது' என்ற திட்டமே சரிப்படாது. பின்மதியம் ஊர்க்காரர்களோடு போய், ராத்திரி தங்கி, விடிகாலையில் அவர்களோடு திரும்புங்கள். போய் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்: நாளைக் காலை எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எங்கே நிற்கட்டும்? முன்கூட்டிச் சொல்லிவைத்தால் தங்கும் இடத்துக்கே வந்து ஹாரன் அடிப்பவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் வேறு கணக்கு. புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், கார்னிவல் திங்கள், செவ்வாய் நாட்களில் வண்டியை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் என்ன வழக்கம்?

முதலில் 'குட் மார்னிங்' சொல்லுங்கள். ஓட்டுநருக்கு மட்டும் இல்லை, வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி. உள்ளே இருப்பவர்களும் பதிலுக்குச் சொல்வார்கள். சொல்லாமல் ஏறி உட்காருவது மரியாதைக் குறைவு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அப்புறம் நீங்கள் வழி கேட்கும்போது தெரியும். இருட்டிய பிறகு சந்தித்தால் 'குட் நைட்' என்பதுதான் வணக்கம்.

வழியில் வண்டியை மறிக்க இடது பக்கம் நின்று கைகாட்டினால் போதும். அங்கேயும் நம்மைப் போல இடது புறம்தான் ஓட்டுகிறார்கள். மாக்சியில் இறங்க மணிப் பொத்தான் இருக்கும், காரில் வாயால் சொன்னால் நிறுத்துவார்கள்.

எந்த இடத்தில் இறங்குவது என்று சொல்வதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இந்தச் சாலையில் பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது, மின்கம்பத்தின் எண்தான் விலாசம். தங்குமிடத்தின் விலாசத்தில் 'எல்.பி.' என்று போட்டு ஓர் எண் இருந்தால், அது அந்த வீட்டுக்கு எதிரே நிற்கும் விளக்குக் கம்பத்தின் எண். மைல் கல் கணக்கும் உண்டு. இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லுங்கள், ஓட்டுநருக்கு அதுவே போதும்.

வழியில் வண்டி சும்மா சும்மா நிற்கும். ஒரு வீட்டு வாசலில் மருந்துப் பையை நீட்டுவார், இன்னொரு கடையில் ரொட்டி இறக்குவார், எதிரே வரும் வண்டிக்காரரோடு நடுரோட்டில் கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை பேசுவார். கூரியர், தபால், ஊர்ச் செய்தி எல்லாம் அதே வண்டிதான்.

கட்டணம் எவ்வளவு? பேரம் பேசலாமா?

வழித்தட வண்டியில் பேரம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கட்டணம். ஏறும் முன் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டால் ஓட்டுநரிடம் கேட்கும் தேவையே வராது. ஆள் நிறையும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால், காலி சீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துக் கிளம்பச் சொல்லலாம். வழித்தடத்தை விட்டு உள்ளே போக வேண்டுமானால் அது 'டிராப்', தனிக் கட்டணம். அதை மட்டும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். பெரிய சூட்கேஸ் ஒரு சீட்டை அடைத்தால் அதற்கும் பணம் கேட்பார்கள், அது நியாயம்தான்.

டிரினிடாட் டாலர் என்பது வேறு, அமெரிக்க டாலர் வேறு. ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 6.75 டிரினிடாட் டாலர். நோட்டுகளில் சிவப்பு ஒன்று, பச்சை ஐந்து, சாம்பல் பத்து, ஊதா இருபது, நீலம் நூறு. நீல நோட்டை நீட்டினால் காலை நேரத்தில் ஓட்டுநர் முகம் சுளிப்பார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சாங்ரே கிராண்டேயிலேயே வேண்டிய பணத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு மேலே ஏ.டி.எம்.மையும் கார்டையும் நம்பிப் போக வேண்டாம்.

எந்த ஊரில் இறங்கலாம்?

ஓர் ஊரில் மட்டும்தான் தங்க முடியும் என்றால் கிராண்ட் ரிவியேர். கொக்கோ விலை நன்றாக இருந்த காலத்தில் வளர்ந்த ஊர். விலை விழுந்ததும் ஆட்கள் வெளியேற, காடு திரும்ப வந்து மூடிக்கொண்டது. ஆறு கடலில் சேரும் இடம், அரை வட்டமாகக் கரை, பின்னாலேயே மலை. காலையில் கொக்கோ மரங்களுக்கு நடுவே மேலே ஏறினால் 'பாவி' என்று அவர்கள் சொல்லும் பறவையைப் பார்க்க வாய்ப்பு உண்டு. வான்கோழி அளவு, கறுப்பு உடல், நீலத் தொண்டை. உலகத்தில் டிரினிடாட்டில் மட்டுமே இருக்கிறது, அழிவின் விளிம்பிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் வேட்டையாடித் தின்ற ஊர் இப்போது வழிகாட்டிகளாக மாறி அதைக் காப்பாற்றுகிறது.

டோகோ கொஞ்சம் பெரிய ஊர். பள்ளி, காவல் நிலையம், சுகாதார மையம் எல்லாம் அங்கே. ஊரைத் தாண்டி கலேரா முனையில் 1897-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அட்லாண்டிக்கும் கரீபியன் கடலும் சந்திக்கும் இடம் என்று காட்டுவார்கள். நல்ல வெயிலில் தண்ணீரின் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கிய கெஷார்ன் வால்காட் இந்த ஊர்ப் பையன். அப்போது வயது 19. கலங்கரை விளக்கத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 2025 டோக்கியோ உலகப் போட்டியில் நம் நீரஜ் சோப்ரா எட்டாவதாக வந்தாரே, அதிலும் தங்கம் வால்காட்டுக்குத்தான். டோகோ வண்டியில் ஏறி 'நான் இந்தியா' என்று சொன்னால் பேச்சு இங்கே வந்து நிற்க வாய்ப்பு அதிகம்.

சான் சூசி அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்கு. மட்டூராவைத் தாண்டி வரும் சாலிபியாவில் இறங்கினால் ரியோ செக்கோ அருவிக்குக் காட்டுப் பாதையில் நடக்கலாம், முக்கால் மணி நேரம். வழியில் சேறு, பழைய காலணி போதும்.

ஆமை முட்டையிடுவதைப் பார்க்க முடியுமா? வண்டியில் போகிறவர்களுக்குச் சரிப்படுமா?

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தாராளமாகப் பார்க்கலாம். தோல்முதுகு ஆமை, நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று சொல்வார்களே, அதேதான். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம், 300 கிலோவைத் தாண்டும் எடை. உலகத்தில் இவை மிக நெருக்கமாக முட்டையிடும் கரைகளில் கிராண்ட் ரிவியேரும் ஒன்று. உச்ச காலமான மே, ஜூனில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் ஏறி வருவதுண்டு. ஒன்று தோண்டி இட்ட குழியை இன்னொன்று தோண்டிக் கலைத்துவிடும், அவ்வளவு நெருக்கடி.

அருகில் இருந்து பார்த்தால், பின்துடுப்பு ஒரு கை போல வளைந்து மணலை அள்ளி வெளியே வைக்கும். பிறகு மறு துடுப்பு. சிந்தாமல், அவசரப்படாமல். குழி தயாரானதும் ஏறத்தாழ எண்பது முட்டை இடும். கண்ணோரம் வழிவது உப்பை வெளியேற்றும் நீர், அழுவதாக யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இந்தக் கரைகளுக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். மட்டூரா 1990-லும் கிராண்ட் ரிவியேர் 1997-லும் பாதுகாக்கப்பட்ட கரைகளாயின. வழிகாட்டி உடன் வருவார். டார்ச், பிளாஷ் எதுவும் கூடாது, சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் வழிகாட்டியின் கையில். மட்டூராவில் 1990 முதல் 'நேச்சர் சீக்கர்ஸ்' என்ற உள்ளூர் அமைப்பு இந்த வேலையைச் செய்து வருகிறது.

வண்டியில் போகிறவர்களுக்கு மட்டூராவைவிட கிராண்ட் ரிவியேர் நல்லது. மட்டூராவில் கரை, பிரதான சாலையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறது, நள்ளிரவில் திரும்ப வண்டி கிடைக்காது. கிராண்ட் ரிவியேரில் தங்கும் விடுதிகளே கரையை ஒட்டித்தான் இருக்கின்றன. பார்த்துவிட்டு நடந்து போய்ப் படுக்கலாம். ஆமைப் பருவத்தில் வார இறுதி அறைகள் முன்கூட்டியே போய்விடும், திங்கள் முதல் வியாழன் வரை பாருங்கள்.

மாட்லாட்டுக்கு அப்புறம் வண்டி எங்கே போகும்?

எங்கேயும் போகாது, சாலை அங்கே முடிகிறது. வடக்குக் கரையில் அடுத்த ஊரான பிளாஞ்சிசூஸ் வரை நடுவில் காடும் மலையும்தான். இரண்டையும் இணைக்கச் சாலை போட வேண்டும் என்ற பேச்சு பல காலமாக உண்டு, போடவில்லை. போடாதவரை அந்தக் காட்டுக்கு நல்லது என்பது என் கட்சி. மலையேறிகள் இரண்டு நாளாக நடந்து கடக்கிறார்கள். வழியில் பாரியா விரிகுடா, அருவி எல்லாம் வரும். வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது. மீனவரிடம் படகு பேசியும் போகலாம், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மட்டும்.

பிளாஞ்சிசூஸுக்கு வேறு வழி?

தலைநகரிலிருந்து வடக்குக் கரைச் சாலை. மராக்காஸ், லாஸ் குவேவாஸ் தாண்டி பிளாஞ்சிசூஸ். இரண்டாம் உலகப் போரில் சகுவராமாஸ் பகுதியை அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொண்டதால், ஜனங்கள் குளிக்க வேறு கடற்கரை வேண்டுமே என்று அமெரிக்கர்களே போட்டுக் கொடுத்த சாலை இது. மராக்காஸ் வரை வண்டி கிடைக்கும், அதற்கு மேல் குறைவு. மழைக்காலத்தில் மண்சரிவு உண்டு.

டொபேகோவிலும் இப்படிச் சுற்றலாமா?

சுற்றலாம், முறை மட்டும் கொஞ்சம் மாறும். போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஸ்கார்பரோவுக்குக் கப்பல், மூன்றரை, நாலு மணி நேரம். பாஸ்போர்ட் கையில் வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. கப்பல் ஆடும், வெறும் வயிற்றிலோ நிறைந்த வயிற்றிலோ ஏறாதீர்கள்.

டொபேகோவில் நீலப் பட்டை மாக்சிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுற்றுலாக் குழுவுக்கும்தான் அதிகம் ஓடுகின்றன. நமக்கு எச் பிளேட் கார்களும் அரசுப் பேருந்தும். பேருந்தில் ஓட்டுநர் காசு வாங்க மாட்டார். ஸ்கார்பரோ நிலையத்திலோ சில கடைகளிலோ டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள், தீவின் மறு முனையில் இருக்கும் சார்லட்வில்லில் கடை மூடியிருந்தால் பேருந்து கண்ணெதிரே போகும்.

ஸ்கார்பரோவிலிருந்து சார்லட்வில் வரை அட்லாண்டிக் பக்கத்துச் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராக்ஸ்பரோ, ஸ்பேசைட் எல்லாம் வழியில். காசு குறைவு, காட்சி ஏராளம், என் ஓட்டு இதற்கே. மறுபக்கம் கஸ்டாரா. இன்னும் வலை இழுக்கும் ஊர் அது. கரையில் இரு முனையையும் பிடித்து ஊரே சேர்ந்து இழுக்கும், நீங்களும் கயிற்றைப் பிடித்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். நடுவில் தீவின் முதுகெலும்பாகக் கிடக்கும் மலைக்காட்டை 1776-லேயே சட்டம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள், மழை வர வேண்டும் என்பதற்காக.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சாங்ரே கிராண்டே வரை கவலையே இல்லை. 'டபுள்ஸ்' காலைச் சாப்பாடு. மஞ்சள் நிறத்தில் பூரி போல மெத்தென்று இரண்டு 'பாரா', நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச் சட்னி, வெள்ளரிக்காய், மிளகாய். தள்ளுவண்டிக்காரர் ஒரு தாளை உள்ளங்கையில் விரித்து, இரண்டு பாராவை ஒன்றின்மேல் ஒன்று பாதி படும்படி வைத்து, கடலையை ஊற்றித் தாளை முறுக்கிக் கொடுப்பதற்குள் அடுத்தவரிடம் 'பெப்பர்?' என்று கேட்டிருப்பார். 'ஸ்லைட்' என்று சொல்லுங்கள். நம் நாக்கு காரத்துக்குப் பழகியது என்ற தைரியத்தில் நிறையப் போடச் சொல்லாதீர்கள், அங்கே போடுவது ஸ்காட்ச் பானட் மிளகாய். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ஆலு பை, பருப்பு மாவு போண்டா போன்ற புளோரி, கடலையும் உருளைக்கிழங்கும் வைத்த தால்பூரி ரொட்டி எல்லாம் சைவம்தான்.

டோகோ தாண்டினால் மீன்தான். சைவக்காரர்கள் தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலாலூ என்ற கீரைக் குழம்பில் நண்டோ உப்பு இறைச்சியோ சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சாங்ரே கிராண்டேயில் ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் நிம்மதி.

பாதுகாப்பு எப்படி? பெண்கள் தனியாகப் போகலாமா?

நாட்டில் குற்றங்கள் அதிகம், மறைக்க ஒன்றும் இல்லை. 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜூலையிலும் அரசு அவசரநிலை அறிவித்தது. கும்பல்களின் துப்பாக்கிச் சண்டை பெரும்பாலும் தலைநகரைச் சுற்றிய சில பகுதிகளில். கிளம்பும் முன் அப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். வடகிழக்குக் கரை அமைதியான பகுதி, ஆனால் ஆளில்லாத கடற்கரையில் தனியாக உட்கார்ந்து போன் பார்ப்பது அங்கேயும் புத்திசாலித்தனம் இல்லை.

தனியாகப் போகும் பெண்கள் மாக்சியையே தேர்ந்தெடுக்கலாம், பள்ளிப் பிள்ளைகளும் அம்மாக்களும் நிறைந்த வண்டி அது. கிண்டல் பேச்சு வரும். 'குட் ஆஃப்டர்னூன்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் அதோடு முடியும். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேருங்கள். காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 811. பெரிய ஆஸ்பத்திரி சாங்ரே கிராண்டேயில். டோகோவுக்கு அப்பால் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

ராணுவ உடை போன்ற புள்ளி போட்ட துணி எதுவும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், தொப்பியாக இருந்தாலும்.

கடலில் குளிக்கலாமா?

ஊர்க்காரர் குளிக்கும் இடத்தில் மட்டும். மட்டூரா, கிராண்ட் ரிவியேர் கரைகள் ஆமைக்கு நல்லவை, நீந்துபவர்களுக்கு இல்லை, கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பு பலம். டோகோ போகும் வழியில் இருக்கும் பலாண்ட்ரா கடற்கரை பரவாயில்லை. ஆற்று முகத்தில் குளிப்பது எல்லாவற்றையும்விட சுகம். கரையோரம் சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்த்த மரத்தைக் கண்டால் கிட்டே போகாதீர்கள். மான்சினீல் என்ற அந்த மரத்தின் காய் விஷம், பால் பட்டால் தோல் வெந்துபோகும், மழைக்காக அதன் அடியில் ஒதுங்கினால்கூட.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. ஆமையும் வேண்டும், சாலையும் காய்ந்திருக்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே. வடகிழக்கு மூலையில் மழை மற்ற இடங்களைவிட எப்போதும் அதிகம்தான். பெரும் புயல்கள் இந்தத் தீவுகளுக்கு வடக்கே ஒதுங்கிப் போவதே வழக்கம். 1963-ல் டொபேகோவைச் சூறையாடிய ஃப்ளோரா புயல் விதிவிலக்கு.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?

1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1.4 லட்சம் இந்தியர்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி பேசியவர்கள், ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். அவர்கள் வழி வந்தவர்களை 'மதராசி' என்பார்கள். தமிழ் பேச்சாக இன்று இல்லை, காளி கோயில்களில் சில பாடல், சடங்கு என்று தங்கியிருக்கிறது. ஆனால் அவர்கள் ஊர்கள் தீவின் நடுவிலும் தெற்கிலும். டோகோ பக்கம் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர், டொபேகோவிலிருந்து வந்தவர்கள், வெனிசுவேலாவிலிருந்து கொக்கோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்.

திரும்பும் வண்டியைத் தவற விட்டால்?

காலை வண்டி போய்விட்டது என்றால் பதறாமல் பிரதான சாலைக்கு வந்து, கடை வாசலிலோ பேருந்து நிழற்குடையிலோ நில்லுங்கள். ஒன்பது, பத்து மணி வரை ஒன்றிரண்டு வரும். மாட்லாட்டிலிருந்து வரும் வண்டி நிறைந்திருந்தால் டோகோ வரை மட்டும் எதிலாவது வந்துவிடுங்கள், டோகோவிலிருந்து சாங்ரே கிராண்டேக்கு வண்டி அதிகம். மதியம் தாண்டிவிட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லி யாராவது காரை எடுப்பார்களா என்று கேளுங்கள், தொகையை ஏறும் முன் பேசுங்கள். அன்று இரவு விமானம் என்றால் இந்தப் பரிசோதனையே வேண்டாம், முந்தின நாளே அரிமாவுக்கு வந்துவிடுங்கள்.